ஸ்காலர்ஷிப்புக்கு முன்பணம் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள்: எனக்குப் போனது 1,85,000

நேற்று சாயங்காலம் அந்த அலுவலக மாடிப்படியில் இறங்கும்போது அப்பா ஒன்றுமே பேசவில்லை. மானாமதுரை பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகு, "வட்டி எப்பக் கட்டணும்?" என்று மட்டும் கேட்டார். ராத்திரி தூக்கம் வரவில்லை. எழுதி முடித்துவிட்டால் வருமோ என்று பார்க்கிறேன். கோபத்தில் முன்னுக்குப் பின் இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

மதுரையில் ஒரு வெளிநாட்டுக் கல்வி ஆலோசனை நிறுவனம். கீழே பேக்கரி, மேலே கண்ணாடிக் கதவு, சுவர் முழுக்கக் கொடிகள். பெயர் சொல்ல வேண்டாம், புகார் போடப்போகிற நேரத்தில் அது நமக்கே எதிராகத் திரும்பும் என்று தெரிந்த வக்கீல் ஒருவர் சொல்லிவிட்டார். பெயர் முக்கியமும் இல்லை. இப்படிப்பட்ட கண்ணாடிக் கதவு எல்லா ஊரிலும் இருக்கிறது.

நான் நாலு வருஷமாக சிவகங்கைப் பக்கம் ஒரு தொண்டு நிறுவனத்தில் வேலை பார்க்கிறேன். மகளிர் குழுக்களுக்குக் கணக்கு எழுதச் சொல்லிக் கொடுப்பது, பயிற்சி நடத்துவது, அறிக்கை எழுதுவது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் எங்கள் மூத்த பணியாளர் ஒருவர் ஒரு கிராமத்துக் களத்துமேட்டில் பெண்களை உட்கார வைத்து, கோலமாவை அவர்கள் கையில் கொடுத்து, "உங்க ஊரை வரைங்க" என்றார். கிணறு, கண்மாய், யார் வீட்டில் கழிப்பறை இருக்கிறது, யார் எந்தத் தெரு வழியாகத் தண்ணீருக்குப் போகக்கூடாது என்பது வரை ஒரு மணி நேரத்தில் தரையில் வந்துவிட்டது. இந்த முறையை உலகமெங்கும் பரப்பியவர்களில் ஒருவர் ராபர்ட் சேம்பர்ஸ் என்றும், இங்கிலாந்தில் சசெக்ஸ் வளாகத்தில் 1966இல் தொடங்கிய வளர்ச்சி ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்தவர் என்றும், 1970களில் நம் வட ஆற்காட்டிலேயே ஆய்வு செய்தவர் என்றும் அப்புறம்தான் படித்துத் தெரிந்துகொண்டேன். நான் கணக்கெழுதும் குழுக்களுக்கும் இதே போல ஒரு பூர்வகதை உண்டு. 1989இல் தருமபுரியில், ரோமில் இருக்கிற ஐ.நா.வின் வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு தொடங்கிய வேலை அது. ரோமில் உட்கார்ந்து யாரோ போட்ட கையெழுத்துக்கும், என் எதிரே உட்கார்ந்து ஐம்பது ரூபாய் சந்தாவை எண்ணுகிற அக்காவுக்கும் நடுவில் என்னென்ன நடக்கிறது? அதைப் படிக்க வேண்டும் என்று ஆசை. அந்தப் படிப்புக்குப் பெயர் சர்வதேச வளர்ச்சி. இன்டர்நேஷனல் டெவலப்மென்ட். இந்தப் பெயரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும்.

2024 செப்டம்பரில் முதல் தடவை போனோம். அப்பாவும் கூட வந்தார். அங்கே இருந்த கவுன்சிலர் அம்மாவுக்கு முப்பத்தைந்து வயசு இருக்கும். அப்பா கதவருகே நின்றதைப் பார்த்ததும் எழுந்து வந்து, தன் நாற்காலியையே இழுத்துப் போட்டார். ஏசி காற்று நேரே அவர் மேல் அடிக்கிறதென்று திருப்பி வைத்தார். என்னிடம் இங்கிலீஷில் பேசியதையெல்லாம் அப்பாவுக்குத் தமிழில் திருப்பிச் சொன்னார். படிப்புக் கட்டணம் மட்டுமே 20,000 பவுண்டுக்கு மேல் ஆகும் என்று மறைக்காமல் சொன்னார். அப்பா முகம் சுருங்கியது. அப்போதுதான் சொன்னார்: "பேங்க்ல முழுசாக் கடன் வாங்கிராதீங்கப்பா. பொண்ணு வந்து கட்ட முடியாது. ஸ்காலர்ஷிப் கிடைச்சாப் போகட்டும், இல்லைன்னா வேண்டாம்."

அந்த இடத்தில்தான் நாங்கள் விழுந்தோம். வியாபாரம் பண்ணுகிற ஆள் 'வேண்டாம்' என்று சொல்வாரா? அன்றைக்கு ஒரு பைசா வாங்கவில்லை. வெளியே வந்ததும் அப்பா, "நம்ம வீட்டுப் பொண்ணு மாதிரிப் பேசுது" என்றார். எனக்கும் அப்படித்தான் இருந்தது. நான் அவரை அக்கா என்று கூப்பிட ஆரம்பித்தேன்.

அன்றைக்கு நான் ஒரு கேள்வி கேட்டேன். செவனிங் என்று பிரிட்டிஷ் அரசாங்கம் கொடுக்கும் உதவித்தொகை இருக்கிறதாமே, அதற்குப் போடலாமா? சிரித்தார். "அதெல்லாம் ஐ.ஏ.எஸ். ஆபீசருங்களுக்கும் பெரிய இடத்துப் பிள்ளைகளுக்கும்மா. டைம் வேஸ்ட்." நான் நம்பினேன். இப்போது தெரிகிறது: 1983இலிருந்து இருக்கிற திட்டம் அது. ஒரு பட்டமும், இரண்டு வருஷ வேலை அனுபவமும், அதாவது 2,800 மணி நேரமும் இருந்தால் யார் வேண்டுமானாலும் போடலாம். படித்து முடித்தால் இரண்டு வருஷம் சொந்த நாட்டில் இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. விண்ணப்பிக்கக் கட்டணமே கிடையாது, தரகர் என்ற ஆளே அதில் கிடையாது. எனக்கு நாலு வருஷ அனுபவம் இருந்தது. கிடைத்திருக்கும் என்று சொல்லவில்லை, போட்டி அதிகம்தான். ஆனால் வழக்கமாக ஆகஸ்டில் திறந்து அக்டோபர் தொடக்கத்தில் மூடுகிற அந்தக் கதவு, நான் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்த அன்றைக்குத் திறந்துதான் இருந்தது. காமன்வெல்த் பகிர்வு உதவித்தொகை என்று இன்னொன்றும் இருக்கிறது. சொந்தச் செலவில் படிக்க முடியாதவர்களுக்கென்றே உள்ளது, இந்தியர்கள் போடலாம். அதைப் பற்றி அந்த அலுவலகத்தில் ஒருவர்கூட வாய் திறக்கவில்லை. ஏன் திறப்பார்கள்? அதில் அவர்களுக்குக் கமிஷன் இல்லையே.

2025 பிப்ரவரியில் அக்காவிடமிருந்து போன். "ஆஃபர் வந்துரும்மா. நீ கேட்ட கோர்ஸ்தான், 50 பர்சென்ட் ஸ்காலர்ஷிப். ஆனா மூணு சீட்டுதான் இருக்கு, நாளைக்குள்ள பிளாக் பண்ணணும்." எவ்வளவு? ஒரு லட்சத்து எண்பத்தைந்தாயிரம். விசா வந்ததும் கட்டணத்தில் கழித்துக்கொள்வார்களாம். விசா வராவிட்டால் முழுசாகத் திரும்பி வருமாம்.

அந்தச் சமயத்தில் இந்தத் துறையே ஆடிப்போயிருந்தது. ஜனவரி கடைசியில் அமெரிக்க உதவிப் பணத்தை ஒரே கையெழுத்தில் நிறுத்தியதில், எங்களுக்குத் தெரிந்த ஓர் அமைப்பில் வேலையை அப்படியே நிறுத்தச் சொல்லிக் கடிதம் வந்தது. பிரிட்டனும் வெளிநாட்டு உதவியைத் தேசிய வருமானத்தில் 0.5 சதவீதத்திலிருந்து 2027இல் 0.3க்குக் குறைக்கப் போவதாக அதே பிப்ரவரியில் அறிவித்தது. இதையெல்லாம் சொல்லி, "படிச்சு முடிச்சா வேலை இருக்குமாக்கா?" என்று கேட்டேன். "யு.என்.ல ஆளே கிடைக்காம அலையுறாங்க" என்றார். அந்த ஒரு பதிலிலேயே போனை வைத்திருக்க வேண்டும். என் தப்பு.

அம்மாவின் செயினையும் இரண்டு வளையலையும் சொசைட்டியில் வைத்து, என் சேமிப்பையும் சேர்த்து, ஒரு லட்சத்து எண்பத்தைந்தாயிரத்தை வங்கி வழியாக அனுப்பினேன். கணக்கு அந்த நிறுவனத்தின் பெயரில் இல்லை, ஏதோ ஓர் எண்டர்பிரைசஸ் பெயரில் இருந்தது. கேட்டதற்கு, "ஜிஎஸ்டிக்காகம்மா, எல்லாம் ஒண்ணுதான்." ஒரு தாளை நீட்டினார்கள், கையெழுத்துப் போட்டேன். படிக்கவில்லை.

இதை எழுதத்தான் கை கூசுகிறது. மாதத்துக்கு இரண்டு பயிற்சி நடத்துகிறவள் நான். நுண்கடன் கம்பெனிக்காரன் நீட்டுகிற தாளில் என்ன இருக்கிறதென்று படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள், யார் பெயருக்குப் பணம் போகிறதென்று பாருங்கள் என்று கத்திக் கத்திச் சொல்கிறவள். போன வாரம் ஒரு குழு அக்கா விஷயம் கேள்விப்பட்டு, "ஏன் பாப்பா, நீதானே எங்களுக்குச் சொல்லுவ?" என்றார். கிண்டலாகக்கூட இல்லை, நிஜமாகவே புரியாமல் கேட்டார்.

மே மாதம் ஆஃபர் வந்தது. திறந்து பார்த்தால் இன்டர்நேஷனல் பிசினஸ் மேனேஜ்மென்ட்.

ஏதோ தவறு நடந்திருக்கும் என்றுதான் ஓடினேன். அக்கா அசரவே இல்லை. "ரெண்டுலயும் இன்டர்நேஷனல் இருக்குல்லம்மா? டெவலப்மென்ட்னா பிசினஸ் டெவலப்மென்ட்தானே, இதுல அதுவும் வருது. மாடியூல் எடுத்துக்கலாம்." எட்டு மாதமாக நான் கோலமாவு, மகளிர் குழு, வறுமை என்று அவரிடம் பேசியதெல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை.

அன்றிரவு பல்கலைக்கழகத்துக்கு நானே மின்னஞ்சல் போட்டேன். இதை ஏன் முதலிலேயே செய்யவில்லை என்று இன்னும் என்னையே திட்டிக்கொண்டிருக்கிறேன். இரண்டே நாளில் பதில் வந்தது, மரியாதையாக, தெளிவாக. உங்கள் பெயரில் சர்வதேச வளர்ச்சிக்கு விண்ணப்பமே வரவில்லை. 50 சதவீத உதவித்தொகை எங்களிடம் இல்லை. உங்கள் கடிதத்தில் இருப்பது எல்லா வெளிநாட்டு மாணவர்களுக்கும் தானாகக் கிடைக்கும் 2,000 பவுண்டு தள்ளுபடி. அதற்கென்று யாரிடமும் நாங்கள் பணம் வாங்குவதில்லை.

விண்ணப்பத்தின் நகலையும் அனுப்பினார்கள். என் பெயரில் நான் அறியாத ஒரு மின்னஞ்சல் முகவரி, அவர்களே உருவாக்கியது. அதனால்தான் எனக்கு ஒரு கடிதம்கூட நேரே வரவில்லை. எதற்காகப் படிக்க விரும்புகிறேன் என்று நான் நாலு ராத்திரி உட்கார்ந்து எழுதிய நோக்க அறிக்கை அதில் இல்லை. சிறு வயதிலிருந்தே வணிகத்தில் எனக்குத் தீராத ஆர்வமாம். எங்கள் வீட்டில் பெட்டிக்கடைகூட இருந்ததில்லை.

பணத்தைத் திருப்பிக் கேட்டதிலிருந்து அக்கா காணாமல் போனார். ஜூனில் "மேனேஜர் சென்னை போயிருக்கார்." ஜூலையில் "அக்கவுண்ட்ஸ்ல போட்டிருக்கு, இருபது வேலை நாள்." இருபது நாள் கழித்து "எந்த ரீஃபண்ட் மேடம்?" தங்கச்சி, அம்மா எல்லாம் போய் மேடம் ஆகிவிட்டேன். என் எண்ணிலிருந்து கூப்பிட்டால் எடுப்பதில்லை. அப்பா எண்ணிலிருந்து கூப்பிட்டால் எடுத்து, என் குரல் கேட்டதும் "ஹலோ, ஹலோ, கேக்கல" என்று வைத்துவிடுவார்கள். ஜனவரி பேட்சுக்கு அதே பணத்தை மாற்றிக்கொள்ளலாம், மேற்கொண்டு நாற்பதாயிரம் மட்டும் கட்டினால் போதும் என்று ஒரு பையன் ஒருநாள் கூப்பிட்டுச் சொன்னான். என்ன தைரியம்!

நேற்று அப்பாவோடு நேரே போனோம். போன வருஷம் தன் நாற்காலியைக் கொடுத்த அம்மா, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தது தெரிந்தது. தலை நிமிரவில்லை. முக்கால் மணி நேரம் நிற்க வைத்தார்கள். அப்புறம் மேனேஜர் என்று ஒருவர் வந்து, நான் கையெழுத்துப் போட்ட தாளைக் காட்டினார். கீழே பொடி எழுத்தில், 'ஆலோசனை மற்றும் ஆவணக் கட்டணம், திருப்பித் தரப்படாது' என்று இங்கிலீஷில். ஸ்காலர்ஷிப் என்ற வார்த்தையே அதில் இல்லை. "படிச்ச பொண்ணுதானே சார், படிச்சுப் பாத்துத்தானே போட்டிருக்கும்?" என்று அப்பாவிடம் கேட்டார். அப்பா என்னைப் பார்த்தார். ஒரு லட்சத்து எண்பத்தைந்தாயிரத்தைவிட அந்தப் பார்வைதான் தாங்கவில்லை.

இனி யாரும் ஏமாறக்கூடாது, விவரமாகப் பத்துப் பதினைந்து யோசனை எழுத வேண்டும் என்று நினைத்துத்தான் உட்கார்ந்தேன். மணி இரண்டரை ஆகிவிட்டது, தலை வலிக்கிறது. சுருக்கமாகச் சொல்கிறேன்.

ஸ்காலர்ஷிப் வாங்கித் தர முன்பணம் என்று எவன் கேட்டாலும் எழுந்து வந்துவிடுங்கள். விண்ணப்பத்தில் உங்கள் சொந்த மின்னஞ்சல்தான் இருக்க வேண்டும், கடவுச்சொல் உங்களிடம் மட்டும். படிப்பின் முழுப் பெயரை எழுத்துக்கூட்டிப் பாருங்கள். இந்த நிறுவனங்களுக்குப் பல்கலைக்கழகமே முதலாண்டுக் கட்டணத்தில் ஒரு பங்கைக் கமிஷனாகக் கொடுக்கிறது, உங்களிடமும் வாங்கினால் இரண்டு பக்கமும் தின்கிறார்கள் என்று அர்த்தம். பல பிரிட்டிஷ் பல்கலைக்கழகங்களில் எம்.ஏ.வுக்கு நீங்களே நேரடியாகக் காசில்லாமல் விண்ணப்பிக்கலாம், ஒரு ராத்திரி வேலை. செவனிங் வழக்கமாக ஆகஸ்டில் திறக்கும், நான் போடுகிறேன், நீங்களும் போடுங்கள்.

ஏற்கெனவே கொடுத்து ஏமாந்தவர்கள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். இரண்டு வருஷத்துக்குள் போக வேண்டும், கொடுத்த பணம் ஐந்து லட்சம் வரை என்றால் புகாருக்குக் கட்டணம் இல்லை. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்கு நேற்றே கூப்பிட்டுப் பதிவு பண்ணிவிட்டேன். திங்கட்கிழமை ஆணையத்துக்குப் போகிறேன். இதே கண்ணாடிக் கதவுக்குள் போய்வந்தவர்கள் யாராவது இருந்தால் எழுதுங்கள். ஒரு ஆளாகப் போவதைவிட நாலு ஆளாகப் போனால் மதிப்பு.

இதை எழுதி முடிக்கும் நேரத்தில் போனைப் பார்த்தேன். ராத்திரி ஒன்பது மணிக்கே அவர்களிடமிருந்து வாட்ஸ்அப் வந்து கிடக்கிறது. எல்லாருக்கும் மொத்தமாக அனுப்புகிற பட்டியலிலிருந்து என்னை எடுக்க மறந்துவிட்டார்கள் போல. 'ஜனவரி இன்டேக்! 50% ஸ்காலர்ஷிப்! மூன்றே சீட்டுகள்!' என்று கொடியெல்லாம் போட்டு.

பிளாக் பண்ணவில்லை. ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்திருக்கிறேன்.