கட்டிலோர டிவி சேவை: இதில் பணம் போடலாமா?

அண்ணே, நீங்கள் பங்கு வாங்க நினைக்கும் அந்தச் சிறிய நிறுவனத்தின் திரைதான் அம்மாவின் கட்டிலருகே இருந்தது. பினாங்கு ஜார்ஜ் டவுனில், ஒரு தனியார் மருத்துவமனை. என் கருத்து: இப்போதைக்கு வேண்டாம்.

படம் தெளிவு, ஹெட்போன் சுத்தம். ஆனால் திரையைத் தாங்கும் கை வலப்பக்கம். அம்மாவுக்கு டிரிப் ஏற்றியதும் வலது கையில்தான். இழுக்கவே முடியவில்லை. தமிழ்ச் சேனலுக்கு மூன்று பக்கம் தள்ள வேண்டும். கடைசியில் என் போனில் மின்னல் எஃப்எம் தமிழ் வானொலி வைத்துக் கேட்டார். பக்கத்துக் கட்டிலில் இந்தோனேசியாவின் மேடானிலிருந்து வந்த அம்மா, மருத்துவமனையின் இலவச வைஃபையில் பேரப்பிள்ளைகளோடு வீடியோவில் பேசிக்கொண்டே இருந்தார். அப்புறம் இந்தத் திரைக்கு நாள் வாடகை யார் கட்டுவார்கள்?

பிரிட்டனில் மருத்துவமனைக் கட்டிலருகே டிவியும் போனும் தந்த பேஷன்ட்லைன் நிறுவனத்தின் கதையைப் பாருங்கள். கருவிகளைச் சொந்தச் செலவில் மாட்டி, நோயாளிகளிடம் வசூலித்து மீட்கும் திட்டம். கடன் ஏறியது. 2007-இல் வெளியே போனில் பேசும் கட்டணத்தை நிமிடத்துக்கு 10 பென்ஸிலிருந்து 26 ஆக்கினார்கள், மக்கள் கொதித்தார்கள். 2008-இல் தொழில் கைமாறி ஹாஸ்பீடியா ஆனது.

சாப்பாட்டு ஆர்டர், நர்ஸ் அழைப்பு, மருந்து விவரம் எல்லாம் இதே திரையில் வந்து, மாதப் பணத்தை மருத்துவமனையே கட்டினால் சரி, பேசலாம். முதலில் ஒப்பந்தத்தைக் கேட்டு வாங்குங்கள்: இன்னும் எத்தனை வருடம், பழுதுக்கு யார் பொறுப்பு என்று பாருங்கள்.