பழைய சோலார் பேனலில் வெள்ளி எடுத்துத் தருகிறேன் என்று வருவார்கள், ஜாக்கிரதை

கடலூர், புதுச்சேரிப் பக்கம் மொட்டை மாடியில் பழைய சோலார் பேனல் வைத்திருப்பவர்கள் இதைக் கொஞ்சம் படியுங்கள். பத்துப் பேனலையும் கொடுத்து, மேலே நாலாயிரம் ரூபாயும் கொடுத்து ஏமாந்த கதை. வெளியே சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் அதே ஆள் இப்போது நெல்லிக்குப்பம், பண்ருட்டி என்று சுற்றுவதாகக் கேள்விப்பட்டதும் எழுத உட்கார்ந்துவிட்டேன்.

2018-ல் மஞ்சக்குப்பம் வீட்டு மாடியில் 330 வாட் பேனல் பத்து போட்டேன். 2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்ததே, அன்று பக்கத்து வீட்டு ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் பறந்து வந்து மூன்று பேனல் மேல் விழுந்தது. கண்ணாடி பொடிப்பொடியாக நொறுங்கியும் கீழே உதிரவில்லை, அப்படியே ஒட்டிக்கொண்டு நின்றது. 'தானே' புயலையே பார்த்தவர்கள் நாம், மூன்று பேனலுக்கா அழுவது? பார்க்கலாம், பார்க்கலாம் என்று பல மாதம் ஓட்டிவிட்டேன்.

2025 தீபாவளிக்கு முந்தைய வாரம் ஒருவர் வந்தார். இன் பண்ணிய சட்டை, கழுத்தில் அடையாள அட்டை, கையில் டேப்லெட். புதுச்சேரி சேதராப்பட்டில் சோலார் மறுசுழற்சி கம்பெனி என்றார். வெள்ளி கிலோ லட்சத்தைத் தாண்டி எகிறிக்கொண்டிருந்த நேரம் அது. "ஒவ்வொரு செல்லுலயும் வெள்ளிக் கோடு ஓடுது சார், பேனலுக்கு ரெண்டாயிரத்து ஐநூறு தர்றோம்" என்றார். பத்துக்கு இருபத்தைந்தாயிரம். மனசு அங்கேயே விழுந்துவிட்டது.

மாடிக்குப் போனோம். மஞ்சள் பெயிண்ட் வாளியில் என் மனைவி வைத்திருந்த கற்றாழையை நகர்த்தாமல் பக்குவமாகத் தாண்டிப் போய் போட்டோ எடுத்தார், நானும் பதிலுக்கு அவர் வேலை செய்வதை இரண்டு போட்டோ எடுத்தேன். இன்வெர்ட்டர் பெட்டியைத் திறந்து மல்டிமீட்டரை வைத்தார். சுள்ளென்று வெயில், மணி பதினொன்று. மீட்டரில் பூஜ்யம். "ஒண்ணு போனா லைன்ல எல்லாமே போயிடும் சார், மொத்தமும் டெட்" என்றார். எனக்கு என்ன தெரியும்? தலையாட்டினேன்.

லேப் கட்டணம் பேனலுக்கு நானூறு, பிறகு வெள்ளிப் பணத்தோடு சேர்த்துத் திருப்பித் தருவோம் என்றார். ஜிபேயில் நாலாயிரம் அனுப்பினேன். மறுநாள் டாடா ஏஸ் வண்டியில் இரண்டு பையன்கள் வந்து பத்தையும் ஏற்றினார்கள். மாடியிலிருந்து கீழே வரும் ஒயரையும் வெட்டிச் சுருட்டிக்கொண்டார்கள். அது முழுச் செம்பு, நாற்பது மீட்டர். "அதுவும் மின்கழிவுதான் சார்" என்றான் பையன். கையில் ஒரு சான்றிதழ் கொடுத்தார்கள், பச்சை இலை படம் போட்டு, 'அரசு பதிவு எண்' என்று கொட்டை எழுத்தில்.

அப்புறம் போன் எடுக்கவில்லை. இது நீங்களே ஊகித்திருப்பீர்கள்.

என் அக்கா மகன் எலக்ட்ரீசியன். அவனிடம் நான் எடுத்த போட்டோவைக் காட்டினேன். பெரிதாக்கிப் பார்த்துவிட்டுச் சிரித்தான். "மாமா, டிசி ஐசோலேட்டரைப் பாத்தீங்களா, பேனல்ல இருந்து வர்ற கரண்ட்ட நிறுத்துற சுவிட்ச்? கைப்பிடி ஆஃப்ல கெடக்கு. ஆஃப் பண்ணிட்டு இந்தப் பக்கம் அளந்தா பூஜ்யம்தான் வரும்." வெயிலில் ஒரு நல்ல 72 செல் பேனலைத் தனியாக அளந்தால் நாற்பது வோல்ட்டுக்கு மேல் காட்ட வேண்டுமாம். உடைந்த மூன்றைக் கழற்றிவிட்டு மீதி ஏழு பேனலை வைத்தே ஓட்டியிருக்கலாமாம். ஆக, ஏழு நல்ல பேனல். அது இந்நேரம் எந்தப் போர் மோட்டாருக்கு ஓடுகிறதோ.

உடைந்த மூன்று எங்கே போனது என்பது மட்டும் எனக்கு நிச்சயமாகத் தெரியும். ஒரு ஞாயிற்றுக்கிழமை சங்கரா மீன் வாங்க துறைமுகம் போகும் வழியில், உப்பனாற்றுக் கரையோரம் மீன் செதில் கொட்டினாற்போல் ஏதோ மின்னியது. வண்டியை நிறுத்திப் பார்த்தால் ஃபிரேம் உருவிய பேனல்கள். சுற்றி இருந்த அலுமினியம் இல்லை, பின்னால் ஒட்டியிருந்த ஜங்ஷன் பாக்ஸ் இல்லை. மிச்சம் எல்லாம் தோல் மாதிரி மடங்கிக் கிடக்கிறது, பக்கத்தில் ஆடு மேய்கிறது. குனிந்து பார்த்தேன். பேனலின் சீரியல் நம்பர் கண்ணாடிக்கு உள்ளே அடியில் இருக்கும், கிழித்து எடுக்க முடியாது. வாரன்டிக்காக 2018-ல் எடுத்த போட்டோவோடு ஒத்துப் பார்த்தேன். மூன்றும் என்னுடையவை.

வெள்ளி இருப்பது பொய்யில்லை. ஆனால் பேனல் எடையில் அது ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் கீழே. இருபத்திரண்டு கிலோ பேனலில் நூற்றுக்கு எழுபதுக்கு மேல் கண்ணாடி, அப்புறம் அலுமினியம், பிளாஸ்டிக், கொஞ்சம் சிலிக்கான், செம்பு. கண்ணாடியையும் செல்லையும் பசை போல ஒரு பிளாஸ்டிக் படலம் இறுக்கிப் பிடித்திருக்கிறது. நொறுங்கியும் உதிராமல் நின்றதற்கு அதுதான் காரணம். அதைச் சூட்டிலோ ரசாயனத்திலோ பிரித்து, செல்லை அமிலத்தில் கரைத்துத்தான் வெள்ளி எடுக்க முடியும். அதற்கு ஆலை வேண்டும், டாடா ஏஸ் போதாது. காயலான் கடைக்கு லாபம் ஃபிரேமும் ஒயரும்தான், மீதி ஆற்றங்கரைக்கு. இன்னும் சிலர் கொளுத்துகிறார்களாம். பின்பக்கத் தாளில் ஃப்ளூரின் கலந்த பிளாஸ்டிக் இருக்கும், அந்தப் புகை விஷம். செல்களை இணைக்கும் சால்டரில் ஈயமும் உண்டு.

சான்றிதழில் இருந்த 'அரசு பதிவு எண்' வெறும் ஜிஎஸ்டி எண். பதினைந்து இலக்கம், 33-ல் தொடங்குகிறது. 33 தமிழ்நாடு, புதுச்சேரி என்றால் 34 வர வேண்டும். சேதராப்பட்டுக் கம்பெனியாம்! மின்கழிவு மேலாண்மை விதிகள் 2022, 2023 ஏப்ரல் 1 முதல் அமலில் இருக்கிறது, சோலார் பேனலும் அதில் அடக்கம். மறுசுழற்சி செய்பவர் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். வாரியத்தின் இணையதளத்திலேயே பெயரைத் தேடிப் பார்க்கலாம். நான் தேடியது எல்லாம் முடிந்த பிறகு. அந்தப் பெயரே இல்லை.

பணம் போனதை 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கு அழைத்துப் பதிவு செய்திருக்கிறேன். போன உடனே அழைத்திருந்தால் பணத்தை நிறுத்திவைக்க வழி இருந்திருக்கும், நான் மூன்று வாரம் கழித்து அழைத்தேன். ஆடு மேயும் இடமாயிற்றே என்று அந்த மூன்று பேனலையும் தார்ப்பாய் சுற்றி வீட்டுக்கே திரும்பக் கொண்டுவந்துவிட்டேன். பேனல் தயாரித்த கம்பெனிக்குச் சீரியல் நம்பரோடு மெயில் போட்டிருக்கிறேன், பழசை எடுத்துக்கொள்வார்களா என்று கேட்டு.

கடைசியாக ஒன்று. அந்த ஆளின் விளம்பரம் இப்போது பண்ருட்டி வாட்ஸ்அப் குழுக்களில் வேறு பெயரில் வருகிறது. 'எங்கள் திருப்தியான வாடிக்கையாளர்' என்று ஒரு மாடி போட்டோ இருக்கும். அதில் நீலத் தண்ணீர்த் தொட்டியும், மஞ்சள் பெயிண்ட் வாளியில் கற்றாழையும் தெரிந்தால், அது எங்கள் வீடு.