கல்யாண பிளவுஸுக்கு இன்ஸ்டாகிராமா, பின்டரெஸ்ட்டா?

மேற்கு மாம்பலத்தில் ஆரி வேலை பிளவுஸ் தைத்துக் கொடுக்கிறோம். இப்போது பின்டரெஸ்ட் பக்கம்தான் அதிகம் சாய்ந்திருக்கிறோம். இன்ஸ்டாகிராமையும் விடவில்லை, அதற்குச் செலவழிக்கும் நேரத்தைத்தான் குறைத்துவிட்டோம்.

இரண்டும் 2010-ல் வந்தவை. இரண்டிலும் வணிகக் கணக்கு இலவசம். சென்னையில் கூட்டம் எங்கே என்று கேட்டால் சந்தேகமே இல்லை, இன்ஸ்டாகிராம்தான். ரீல் பார்த்துவிட்டுப் பக்கத்துத் தெருவிலிருந்தே டிஎம்மில், அதாவது தனிச் செய்தியில், விலை கேட்பார்கள். அது பெரிய பலம்.

ஆனால் போட்ட படம் எத்தனை நாள் உழைக்கிறது? எனக்கு முடிவைச் சொன்னது இந்த ஒரு கேள்விதான். ஸ்டோரி 24 மணி நேரத்தில் காணாமல் போகும். ரீல் சில நாள் ஓடும், அப்புறம் அடுத்தது போடு என்று நிற்கும். ஃபிரேமில் துணியைக் கட்டி ஊசியைப் பிடித்திருப்பவர், அதை வைத்துவிட்டுப் போனைப் பிடிக்க வேண்டும். பின்டரெஸ்ட்டில் ஆட்கள் பொழுதுபோக்க வருவதைவிடத் தேடத்தான் வருகிறார்கள். அங்கே போடும் படத்துக்குப் ‘பின்’ என்று பெயர். பழைய பின் என்றாலும் தேடலுக்குப் பொருந்தினால் மேலே வரும்.

நம் ஊர்க் கல்யாணக் கணக்குக்கும் இது பொருந்துகிறது. ஆடியிலும் மார்கழியிலும் முகூர்த்தம் கிடையாது. ஆனால் ஆவணிக்கும் தைக்கும் டிசைன் பார்த்துச் சேர்த்து வைப்பது அந்த மாதங்களில்தான். ஆனியிலேயே பின் போட்டுவிட்டால் ஆடியில் நாம் சும்மா இருந்தாலும் அது வேலை செய்யும்.

அதற்குத் தலைப்பு சரியாக இருக்க வேண்டும். ‘அழகான டிசைன்’ என்று யார் தேடப்போகிறார்கள்? ‘அரக்குப் பட்டுக்கு ஆரி வேலை, முழங்கை வரை கை, பின்கழுத்தில் மயில்’ என்று எழுதுகிறோம். விவரத்தில் அதையே ஆங்கிலத்திலும் போடுகிறோம். படம் நெட்டுவாக்கில், 1000-க்கு 1500 பிக்சல். பின்களைச் சேர்த்து வைக்கும் போர்டுகளைப் புடவை நிறப்படி பிரித்திருக்கிறோம், ஏனென்றால் பெண்ணின் அம்மா நிறத்தைச் சொல்லித்தான் ஆரம்பிப்பார். ஒவ்வொரு பின்னிலும் நம் இணையப் பக்கத்தின் லிங்கை வைக்கலாம். இன்ஸ்டாகிராம் கேப்ஷனில் லிங்க் எழுதினால் அழுத்த முடியாது, ‘பயோவைப் பாருங்கள்’ என்று கெஞ்ச வேண்டும்.

தொல்லையும் உண்டு. பின்னைப் பார்ப்பவர் கோயம்புத்தூரிலோ கோலாலம்பூரிலோ இருப்பார். அளவு பிளவுஸைக் கூரியரில் அனுப்பச் சம்மதித்தால்தான் ஆர்டர். இன்னொன்று, நம் படத்தையே ஸ்கிரீன்ஷாட் எடுத்துத் தன் தெரு டெய்லரிடம் நீட்டுவார்கள். கடைப் பெயரை ஓரத்தில் போட்டால் வெட்டிவிடுகிறார்கள், அதனால் வேலைப்பாட்டை ஒட்டியே சின்னதாகப் போடுகிறோம். திருட்டு நிற்கவில்லை, ஆனால் அந்தப் பெயரைப் பார்த்துப் போன் செய்பவர்களும் இருக்கிறார்கள்.

பணம் கட்டி விளம்பரம் செய்தது இன்ஸ்டாகிராமில் மட்டும்தான், அதுவும் கொஞ்சமாக. அதை வைத்து இரண்டையும் எடைபோட மாட்டேன். கொலு அலங்காரம், தாம்பூலப் பை, மருதாணி போல முன்கூட்டியே யோசித்து வாங்குபவற்றுக்குப் பின்டரெஸ்ட் எடுபடும் என்றே தோன்றுகிறது, செய்து பார்த்தவர்கள்தான் சொல்ல வேண்டும். இன்று மதியமே பிரியாணி வேண்டும், சாயங்காலத்துக்குள் கேக் வேண்டும் என்று வாங்குபவர்களை நம்பி நடக்கும் கடை என்றால் யோசிக்காமல் இன்ஸ்டாகிராமுக்கே போய்விடுங்கள்.