ஸ்பைக்கா ரிப்பிளா, கிரிட்டா ஊசியா: வலிப்பு அறுவையில் எதை நம்பி வெட்டுவது?

வலிப்பு நோய் உள்ளவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு மாத்திரைகளால் ஃபிட்ஸ் நிற்பதில்லை. பொருத்தமான இரண்டு மருந்துகளைச் சரியான அளவில் கொடுத்தும் நிற்காவிட்டால், அறுவை சிகிச்சைக்கு வழி உண்டா என்று டாக்டர்கள் பார்க்கத் தொடங்குவார்கள். வழி உண்டு என்றே வைத்துக்கொள்வோம். எம்.ஆர்.ஐ.யில் ஒரு தழும்போ சிறு கட்டியோ தெரிகிறது. அதை எடுத்தால் போதுமா? பல நேரம் போதாது. வலிப்பைக் கிளப்பும் திசு, படத்தில் தெரிகிற எல்லையைத் தாண்டியும் பரவியிருக்கலாம். சிலருக்குப் படத்தில் ஒன்றுமே தெரியாது. கூடுதலாக வெட்டினால் பேச்சோ, கையசைவோ, பார்வையோ பாதிக்கப்படும். குறைத்து வெட்டினால் ஃபிட்ஸ் திரும்பி வரும். எங்கே நிறுத்துவது என்பதற்கு மூளையின் மின் பதிவைத்தான் கேட்டாக வேண்டும்.

பதிவெடுக்க மூன்று வழிகள் உண்டு. அறுவை மேசையிலேயே மூளையின் மேற்பரப்பில் மின் அலையை உணரும் எலெக்ட்ரோடு வைத்துச் சில நிமிடங்கள் பார்ப்பது ஒன்று. மண்டையோட்டைத் திறந்து, எலெக்ட்ரோடு புள்ளிகள் வரிசையாகப் பதித்த தாளான கிரிட்டைப் பரப்பி மூடிவிட்டு, நாள்கணக்கில் வார்டில் வைத்துப் பதிவெடுப்பது இன்னொன்று. மெல்லிய ஊசி எலெக்ட்ரோடுகளைச் சிறு துளைகள் வழியாக ஆழத்தில் செருகும் எஸ்.ஈ.ஈ.ஜி. மூன்றாவது. முதல் வழிக்குள்ளேயே எந்த அலையைப் பார்த்து வெட்டுவது என்ற போட்டியும் நடக்கிறது. எனக்கு அதுதான் சுவாரசியம் என்பதால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

மேசையில் பதிவெடுக்கும் முறைக்கு எலெக்ட்ரோகார்ட்டிகோகிராபி என்று பெயர், சுருக்கமாக ஈகாக். 1934இல் தொடங்கப்பட்ட மான்ட்ரியல் நரம்பியல் நிறுவனத்தில் வைல்டர் பென்ஃபீல்டும் ஹெர்பர்ட் ஜாஸ்பரும் வளர்த்தெடுத்த முறை அது. மூளைத் திசுவுக்கு வலி தெரியாது. அதனால் தோலை மட்டும் மரக்கச் செய்து, நோயாளி விழித்திருக்கும்போதே பதிவெடுத்தார்கள். இப்போது பெரும்பாலும் முழு மயக்கத்தில்தான் எடுக்கிறார்கள். சிலிக்கோன் தாளில் பதித்த பிளாட்டினம் புள்ளிகளை மூளையின் மேல் வைத்து, இடம் மாற்றி மாற்றிச் சில நிமிடங்கள் பார்ப்பார்கள். வெட்டிய பிறகு ஓரங்களில் மறுபடி வைத்து, மிச்சம் ஏதாவது துடிக்கிறதா என்று பார்ப்பார்கள்.

இதில் இரண்டு சங்கடங்கள். புரோபோஃபோல் மாதிரியான மயக்க மருந்து அலைகளையே அமுக்கிவிடும். அதை நிறுத்தி, மூளை ஓரளவு தெளியும்வரை காத்திருந்துதான் பதிவெடுக்க வேண்டும். இரண்டாவது சங்கடம் பெரிது. அந்தச் சில நிமிடங்களில் வலிப்பு வருவது அபூர்வம். திருடனைக் கையும் களவுமாகப் பிடிக்க முடியாது, விட்டுப்போன கால்தடத்தை வைத்துத்தான் ஊகிக்க வேண்டும்.

அந்தத் தடங்களில் பழையது ஸ்பைக். 70 மில்லி நொடிக்குள் எழுந்து அடங்கும் கூர்மையான அலை அது, பழகிய கண்ணுக்குத் திரையில் உடனே தெரியும். அதன் குறை, பரவலாகத் தெரிவது. ஸ்பைக் வரும் பகுதி, வலிப்பு உண்மையில் தொடங்கும் பகுதியைவிடப் பெரிதாகவே இருக்கும். அதையெல்லாம் வெட்ட முடியாது, வெட்டவும் தேவையில்லை. ஒரு விதிவிலக்கு உண்டு. கருவிலேயே தவறாக அமைந்துபோன மூளைப் புறணியில் (மூளையின் வெளி அடுக்கில்), அதாவது ஃபோக்கல் கார்ட்டிகல் டிஸ்ப்ளேசியாவில், ஸ்பைக்குகள் விடாமல் வரிசையாக வரும். அந்தத் தொடர் துடிப்பு உள்ள திசுவை முழுதாக எடுத்தவர்களுக்கே நல்ல பலன் கிடைத்தது என்று 1995இல் பால்மினி குழுவினர் காட்டினார்கள். மேசைப் பதிவு தன் கூலியைச் சம்பாதிக்கும் இடம் இதுதான் என்பேன்.

புதிய தடம், உயர் அதிர்வெண் அலைகள். 80 முதல் 250 ஹெர்ட்ஸ் வரை ரிப்பிள், 250 முதல் 500 வரை ஃபாஸ்ட் ரிப்பிள். 1999இல் பிராகின், எங்கெல் உள்ளிட்ட லாஸ் ஏஞ்சல்ஸ் குழு, வலிப்பு நோயாளிகளின் மூளையில் நினைவுக்கு முக்கியமான ஹிப்போகேம்பஸ் பகுதியில் இவற்றைப் பதிவுசெய்து காட்டியதிலிருந்து ஆராய்ச்சியாளர்களுக்கு இதன்மேல் ஒரு மோகம். காரணம் இல்லாமல் இல்லை. ஸ்பைக் அளவுக்குப் பரவாமல் சிறிய இடத்தில் அடங்கியிருப்பதால், வலிப்பு தொடங்கும் இடத்தைக் குறுகலாகச் சுட்டும் என்பது எதிர்பார்ப்பு. நெதர்லாந்தின் உட்ரெக்ட் குழு, வெட்டிய பிறகும் ஃபாஸ்ட் ரிப்பிள் மிச்சமிருந்தால் ஃபிட்ஸ் திரும்பும் வாய்ப்பு அதிகம் என்று கண்டிருந்தது.

நடைமுறையில் வேலை கடினம். மூளையின் மின் அலைகளைப் பதியும் சாதாரண ஈ.ஈ.ஜி. கருவியின் வேகம் போதாது, நொடிக்கு 2000 முறைக்கு மேல் அளக்க வேண்டும். அலைகளோ மிகச் சிறியவை, ஃபாஸ்ட் ரிப்பிள் எப்போதாவதுதான் வரும். கூர்மையான ஸ்பைக்கை ஃபில்டரில் போட்டாலே ரிப்பிள் மாதிரி ஒரு போலி அலை எழும். எல்லாவற்றையும்விடத் தலைவலி, ஆரோக்கியமான மூளையிலும் ரிப்பிள் உண்டு என்பது. நினைவு பதியும்போது ஹிப்போகேம்பஸில் வரும். கை கால் அசைவுக்கான பகுதியிலும் பார்வைக்கான பகுதியிலும் வரும். எது நோய், எது இயல்பு என்று அலை தன் நெற்றியில் எழுதிக்கொண்டு வருவதில்லை.

சரி, நேருக்கு நேர் மோதவிட்டால்? அதையும் உட்ரெக்டிலேயே செய்தார்கள். 78 நோயாளிகளைக் குலுக்கல் முறையில் 39, 39 ஆகப் பிரித்து, ஒரு பாதிக்கு ஸ்பைக்கையும் மறுபாதிக்கு உயர் அதிர்வெண் அலைகளையும் பார்த்து வெட்டினார்கள். முடிவு 2022இல் லான்செட் நியூராலஜி என்ற மருத்துவ இதழில் வந்தது. ஓராண்டுக்குப் பின் வலிப்பில்லாமல் இருந்தவர்கள், ஸ்பைக் பக்கம் 35 பேர் (90%), மறுபக்கம் 26 பேர் (67%). புதிய முறை பழையதற்குக் குறைந்ததில்லை என்று நிரூபிக்கத் தொடங்கிய சோதனை, அதை நிரூபிக்கவில்லை.

தலைப்பை மட்டும் படித்துவிட்டு ரிப்பிள் தோற்றது என்று எழுதுவது எளிது. உள்ளே போனால் கதை கொஞ்சம் மாறுகிறது. எந்த வைத்தியத்துக்கும் எளிதில் அடங்காத திசுக்கோளாறு கொண்டவர்கள், குலுக்கலின் தற்செயலால், ரிப்பிள் பக்கம் கூடுதலாகப் போய்விட்டார்கள். அதைக் கணக்கில் எடுத்துச் சரிசெய்தால் இடைவெளி சுமார் 8 சதவீதப் புள்ளிகளாகச் சுருங்குகிறது. டெம்பொரல் லோபுக்கு, அதாவது காதையொட்டிய மூளைப் பகுதிக்கு, வெளியே வலிப்பு தொடங்கியவர்களிடம், அதே திருத்தத்துக்குப் பிறகு, தராசு லேசாக ரிப்பிள் பக்கமே சாய்ந்தது. ஆனால் அவர்கள் மொத்தம் 30 பேர்தான், அதை வைத்துப் பந்தயம் கட்ட முடியாது. டெம்பொரல் லோபில்தான் ஹிப்போகேம்பஸ் இருக்கிறது, இயல்பான ரிப்பிள் அங்கே ஏராளம். அது வழிதவறச் செய்திருக்கலாம் என்பது என் ஊகம்.

என் தீர்ப்பு: மேசையில் இன்றைக்கு ஸ்பைக்கைத்தான் நம்பலாம். நுணுக்கமான அலை என்பதாலேயே அது நல்ல வழிகாட்டி ஆகிவிடாது. வெட்டி முடித்த பிறகு ஓரத்தில் ஃபாஸ்ட் ரிப்பிள் தெரிந்தால் அதைப் பொருட்படுத்தலாம், அவ்வளவே.

அப்புறம், வலிப்பையே நேரில் பார்க்க வேண்டிய கட்டம். படத்தில் ஒன்றும் தெரியாதபோதும், தலைத்தோலின் மேல் வைத்தெடுத்த ஈ.ஈ.ஜி. ஒன்று சொல்லி, வலிப்பின் விதம் வேறொன்று சொல்லும்போதும் மேசைப் பதிவு உதவாது. கிரிட் அல்லது ஊசி வேண்டும். இரண்டிலும் மருந்தைக் குறைத்து, கேமரா முன்னால் நாள்கணக்கில் காத்திருப்பார்கள்.

கிரிட் என்பது பெரும்பாலும் எட்டுக்கு எட்டு, ஒரு சென்டிமீட்டர் இடைவெளியில் 64 புள்ளிகள். மேற்பரப்பை நெருக்கமாக மூடிவிடும். அதன் வழியாகவே மின்சாரம் செலுத்தி, பேச்சு எங்கே, கை எங்கே என்று நோயாளி விழித்திருக்கும்போது நிதானமாக வரைபடம் போடலாம். இதில் கிரிட்டுக்கு இன்றும் நிகரில்லை. ஆனால் மூளைப் புறணியில் மூன்றில் இரண்டு பங்கு மடிப்புகளுக்குள் ஒளிந்திருக்கிறது. மேலே விரித்த தாளுக்கு அது சரியாகத் தெரியாது.

எஸ்.ஈ.ஈ.ஜி.யை 1950களின் பிற்பகுதியில் பாரிஸின் சான்-ஆன் மருத்துவமனையில் ஜான் தலைராக்கும் ஜான் பாங்கோவும் தொடங்கினார்கள். ஒரு மில்லிமீட்டரைவிட மெல்லிய எலெக்ட்ரோடு, இரண்டு மூன்று மில்லிமீட்டர் துளை. ரத்தக் குழாய்களின் படத்தைப் பார்த்துப் பாதை வகுத்து, பல இடங்களில் இப்போது ரோபோ கை உதவியுடன் செருகுகிறார்கள். மடிப்பின் அடி, உள்ளே புதைந்திருக்கும் இன்சுலா என்ற பகுதி, இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் என்று கிரிட் எட்டாத இடமெல்லாம் இதற்கு எட்டும். ஆனால் செருகிய இடத்தில் உள்ளதைத்தான் அது பார்க்கும். தவறான சந்தேகத்தின்மேல் பத்துப் பன்னிரண்டு ஊசி போட்டால், வேறெங்கிருந்தோ பரவி வந்த வலிப்பைத் தொடக்கம் என்று நினைத்துக்கொள்ளும் ஆபத்து உண்டு.

பாதுகாப்பில் போட்டியே இல்லை. மூளையில் ரத்தக்கசிவு, பல ஆய்வுகளைத் திரட்டிய கணக்குகளின்படி, கிரிட்டில் 4%, எஸ்.ஈ.ஈ.ஜி.யில் 1% அளவில். பத்து மையங்களின் இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட நோயாளிகளை ஒப்பிட்டு 2021இல் வெளியான ஆய்விலும் ஊசி போட்டவர்களுக்கே சிக்கல் குறைவு. அறுவைக்குப் போனவர்களில் வலிப்பு நின்றவர்களும் அந்தப் பக்கம் அதிகம். ஆனால் ஊசி போட்டவர்களில் அறுவைவரை போனவர்கள் குறைவு. இதைக் குறையாக எடுக்கத் தேவையில்லை. வெட்டக் கூடாதவரை வெட்டாமல் திருப்பி அனுப்புவதும் பதிவின் வேலைதான். குலுக்கல் இல்லாத ஒப்பீடு என்பதால், எந்த மாதிரி நோயாளி எந்தப் பக்கம் போனார் என்ற சந்தேகம் மட்டும் தங்கும்.

இதெல்லாம் தேவைப்படாதவர்களும் நிறையப் பேர். டெம்பொரல் லோபில் ஹிப்போகேம்பஸ் சுருங்கியிருப்பது படத்தில் தெளிவாகத் தெரிந்து, வெளியிலிருந்து எடுத்த ஈ.ஈ.ஜி.யும் ஒத்துப்போனால் நேரே அறுவைக்குப் போகலாம். டெம்பொரல் லோப் அறுவையை மருந்தோடு குலுக்கல் முறையில் ஒப்பிட்ட கனடா சோதனையில் (2001, 80 பேர்), ஓராண்டில் நினைவு தப்பும் வலிப்பு இல்லாதவர்கள் அறுவைப் பக்கம் 58%, மருந்துப் பக்கம் 8%. நம் பக்கத்தில் திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனம் 1995இல் வலிப்பு அறுவைத் திட்டத்தைத் தொடங்கியதற்கும் இப்படிப்பட்ட நோயாளிகளே முதல் அடித்தளம். ஒருமுறை பயன்படுத்தி எறியும் எலெக்ட்ரோடுகளும் ஒரு வாரக் கண்காணிப்பும் செலவை எங்கோ கொண்டுபோய்விடும் நாட்டில், ஊசி யாருக்கு வேண்டாம் என்று சொல்லத் தெரிவது முக்கியமான திறமை.

ஆக, படத்தில் கட்டியோ டிஸ்ப்ளேசியாவோ தெளிவாக இருந்து, ஓரம் மட்டும் சந்தேகம் என்றால் மேசைப் பதிவு, அதில் ஸ்பைக். படம் வெறுமையாக இருந்தாலோ, ஆழத்திலோ இரண்டு பக்கமுமோ சந்தேகம் இருந்தாலோ எஸ்.ஈ.ஈ.ஜி. பேச்சுப் பகுதியை ஒட்டிய மேற்பரப்புச் சிக்கல் என்றால் கிரிட்டை இன்னும் தள்ளிவிட மாட்டேன். கைக்குழந்தைகளிடம் மட்டும் இந்த வரிசை மாறும். ஊசியைப் பிடித்து நிறுத்தும் திருகுக்கு மண்டையோட்டில் போதிய தடிமன் வேண்டும், இரண்டு வயதுக்குள் அது பெரும்பாலும் இருக்காது. அவர்களுக்குப் பெரும்பாலும் மேசைப் பதிவுதான், தேவைப்பட்டால் கிரிட்.