பேசுபவரைப் பின்தொடரும் கேமரா: இரண்டு ஆண்டுப் பயன்பாட்டுக்குப் பின்

எங்கள் அலுவலகக் கூட்ட அறையில், பேசுபவரைத் தானாகவே கண்டறிந்து அவர் முகத்தைப் பெரிதாக்கிக் காட்டும் கேமராவை இரண்டு ஆண்டுகளுக்கும் மேலாகப் பயன்படுத்தி வருகிறோம். நீள மேசையின் ஒரு முனையில், திரைக்குக் கீழே அது பொருத்தப்பட்டுள்ளது. இதன் அருமையை அறைக்குள் இருப்பவர்களைவிட வீட்டிலிருந்து இணைபவர்களே நன்கு அறிவார்கள் என்பதால், அவர்கள் பக்கத்திலிருந்தே இதை எழுதுகிறேன்.

எங்கள் குழுவில் செவித்திறன் குறைந்த சக ஊழியர் ஒருவர் வீட்டிலிருந்து பணிபுரிகிறார். உதட்டசைவைப் பார்த்துப் பேச்சைப் பின்தொடரும் அவருக்கு, முழு அறையையும் காட்டிய பழைய கேமராவில் கடைசி நாற்காலியில் இருப்பவரின் முகம் நகக்கண் அளவே தெரிந்தது. புதிய கேமரா வந்த பிறகு அவர் கூட்டங்களில் இடைமறித்துக் கேள்வி கேட்கத் தொடங்கினார். இந்தக் கருவியால் கிடைத்த பயன்களில் இதையே முதன்மையானதாகக் கருதுகிறேன்.

கருவிக்குள் இருக்கும் பல மைக்குகளுக்கு ஒரே குரல் மிகச் சிறிய கால வேறுபாட்டில் வந்து சேர்கிறது. ஒலி நொடிக்கு ஏறத்தாழ 343 மீட்டர் செல்வதால், 10 செ.மீ. இடைவெளியுள்ள இரு மைக்குகளுக்கிடையே அந்த வேறுபாடு ஒரு நொடியின் 3,000 பாகங்களில் ஒன்றுக்கும் குறைவு. அதைக் கொண்டு திசையைக் கணித்து, அத்திசையில் முகம் இருக்கிறதா என்று கேமரா சரிபார்க்கிறது. சிஸ்கோ நிறுவனத்தின் ஸ்பீக்கர்டிராக் 60 போன்ற கருவிகளில் இரண்டு சுழலும் கேமராக்கள் மாறி மாறி இப்பணியைச் செய்யும். எங்களுடையதில் எதுவும் சுழல்வதில்லை. 3840 புள்ளி அகலமுள்ள 4கே படத்திலிருந்து தேவையான பகுதியை மட்டும் வெட்டிக் காட்டுகிறது. மூன்றில் ஒரு பங்கு அகலத்தை மட்டும் வெட்டி எடுத்தால் 1280 புள்ளிகளே கிடைக்கும் என்பதால், தொலைவில் அமர்பவரின் முகம் சற்று மங்கலாகவே தெரிகிறது.

மிகுந்த தொல்லை தந்தது கண்ணாடிச் சுவர். குரல் அதில் பட்டுத் திரும்பியதால், யாரும் இல்லாத மூலையைக் கேமரா அடிக்கடி காட்டியது. கனமான திரைச்சீலை போட்ட பிறகு அது பெருமளவு நின்றது. ஏசி காற்று வெளிவரும் இடத்துக்கு நேர்கீழே அமர்ந்து மெல்லப் பேசுபவர்களைக் கேமரா இன்றும் தவறவிடுகிறது. இதை நான் சிறிய குறையாகக் கருதவில்லை, ஏனெனில் தயங்கிப் பேசுபவரின் முகமே மற்றவர்களுக்குத் தெரிய வேண்டிய முகம்.

மாறும் வேகத்தை அமைப்பதிலும் சிக்கல் உண்டு. விரைவாக வைத்தால் ஒரு இருமலுக்கும் 'ஆமாம்' என்ற ஒற்றைச் சொல்லுக்கும்கூடக் காட்சி தாவுகிறது. மெதுவாக வைத்தால் உதட்டைப் படிப்பவருக்குத் தொடக்கச் சொற்கள் தப்பிவிடுகின்றன. நடுத்தர வேகத்தில் வைத்துவிட்டு, பேசத் தொடங்கும் ஒவ்வொருவரும் முதலில் தம் பெயரைச் சொல்வது என்று முடிவு செய்தோம். கேமரா வந்து சேர்வதற்கு அந்த அவகாசம் போதுமானதாக இருக்கிறது; பேசுபவர் யார் என்பதும் வீட்டிலிருந்து இணைபவர்களுக்குத் தெரிந்துவிடுகிறது.

பலர் ஒரே நேரத்தில் பேசினால் கேமரா முழு அறைக் காட்சிக்குத் திரும்புவது சரியான முடிவே. வெள்ளைப் பலகையில் எழுதியபடி பேசுபவரின் முதுகை மட்டுமே அது காட்டும் என்பதால், அப்போது பின்தொடர்தலை அணைத்துவிடுகிறோம். பேசுபவரோடு முழு அறையையும் சிறு கட்டத்தில் காட்டும் வசதி இருந்தால் அதையே தேர்ந்தெடுங்கள். கேட்பவர்கள் தலையசைப்பதும் முகம் சுளிப்பதும் தொலைவில் இருப்பவருக்குத் தெரிய வேண்டும்.

இரண்டு மூன்று பேர் மட்டும் கூடும் அறைக்கு இது தேவையில்லை. பெரிய அறைக்கு வாங்குபவர்கள், கம்பளம் விரித்த விற்பனைக் கூடத்தில் பார்த்து முடிவெடுக்காமல், கருவியைத் தங்கள் அறைக்கே வரவழைத்து, மெல்லிய குரலுடையவரைக் கடைசி நாற்காலியில் அமர்த்திப் பேசச் சொல்லி, அதை வேறோர் இடத்திலிருந்து இணைந்து பார்க்க வேண்டும்.