பாஸ்போர்ட் படம் ஏ4 ஆகும்போது: பைகியூபிக் கர்னல்களை நெடுநாள் பயன்படுத்திய அனுபவம்

மலேசியாவின் சுங்கை சிப்புட் மாதிரியான தோட்டத்துப் பட்டணத்து ஸ்டுடியோக்களுக்கு ஓயாமல் வரும் வேலை இது. வீட்டில் இருப்பது ஒரே ஒரு பழைய பாஸ்போர்ட் படம்; கருமக்கிரியைக்கு மாலை போட்டு வைக்க ஏ4 அளவில் வேண்டும். 35 × 50 மி.மீ. படத்தை 600 டிபிஐயில் (அங்குலத்துக்கு 600 புள்ளி) ஸ்கேன் செய்தால் 827 × 1181 பிக்சல். ஏ4 தாளுக்கு 300 டிபிஐயில் 2480 × 3508 தேவை. ஏறக்குறைய மூன்று மடங்கு.

இதற்கு "பைகியூபிக்" போதும் என்பார்கள்: புதுப் பிக்சல் ஒவ்வொன்றையும் அருகிலுள்ள மூலப் பிக்சல்களை, வரிசைக்கு நான்காக, எடை போட்டுக் கலந்து கணக்கிடும் முறை. அந்த எடைகளைத் தரும் சூத்திரமே கர்னல். போதும்தான், ஆனால் எந்த பைகியூபிக்? துண்டு துண்டான முப்படிக் கோவைகளால் ஆன இந்தக் கர்னலுக்கு ஒரு சரிவு எண் உண்டு. அது −0.5 ஆக இருந்தால்தான் துல்லியம் ஒரு படி கூடும் என்று ராபர்ட் கீஸ் 1981இல் காட்டினார். பைத்தான் மொழியின் பட நூலகமான பில்லோவில் இருப்பது −0.5, ஓபன்சிவி என்ற மற்றொரு பட நூலகத்தில் −0.75.

வித்தியாசம் கன்னத்தில் தெரியும். ஒவ்வொரு பிக்சலுக்கும் 27 அளவு வெளிச்சம் சீராக ஏறும் இடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மூன்று மடங்காக்கினால் 9, 9, 9 என்று ஏற வேண்டும். −0.5 அப்படியே தருகிறது. −0.75 தருவது 10, 7, 10. கூர்மை கொஞ்சம் கூடுதலாகத் தெரியும், உண்மைதான். ஆனால் வழவழப்பான முகத்தில் மெல்லிய வரி விழுகிறது. இறந்தவர் முகத்தில் அதை விட்டுவைக்க மனம் வராது. ஆகவே முகப் படத்துக்கு −0.5தான்.

அதிலும் ஓர் ஆபத்து இருக்கிறது. மூன்றில் ஒரு பங்கு நகர்ந்த இடத்தில் நான்கு அண்டைப் பிக்சல்களின் எடை −2, 21, 9, −1. எல்லாம் 27இல் பங்கு. குறை எண் இருப்பதால் விளிம்பில் மதிப்பு எல்லை தாண்டும். கறுப்பு முடி 0, வெள்ளைப் பின்னணி 255 என்றால், வெள்ளைப் பக்கம் 274 வரை போகும், முடிப் பக்கம் −19க்கு இறங்கும். சொந்தமாக நிரல் எழுதுபவர்கள் இதை 0–255க்குள் வெட்டாமல் நேராக 8 பிட்டாக மாற்றினால், 274 சுற்றி வந்து 18 ஆகும், −19 போய் 237 ஆகும். முடியோரம் முழுக்கப் பேன் மாதிரி புள்ளிகள். மிதவை எண்ணில் (தசமப் புள்ளியும் குறை எண்ணும் தாங்கும் வடிவில்) கணக்கிட்டு, வெட்டி, அதன் பிறகே மாற்றுங்கள்.

பிக்சலின் நடுப்புள்ளியையும் மறக்கக் கூடாது. புதுப் பிக்சல் எண்ணோடு 0.5 கூட்டி, 3ஆல் வகுத்து, 0.5 கழிக்க வேண்டும். வெறுமனே 3ஆல் வகுத்தால் படம் ஒரு பிக்சல் தள்ளிப்போகும். முகத்தைப் பின்னணியிலிருந்து பிரிக்கும் மாஸ்க் அடுக்கைத் தனியாகப் பெரிதாக்கியிருந்தால் அது பொருந்தாது.

சொரசொரப்பான தாளில் கழுவிய பழைய படங்களுக்கு மட்டும் மிட்செல்–நேத்ரவாலி (1988) என்ற வேறொரு கர்னல் நல்லது. மூலப் பிக்சல் இருக்கும் இடத்திலேயே அது 1/18, 16/18, 1/18 என்று கொஞ்சம் கலப்பதால் தாளின் சொரசொரப்பு அடங்கும். கன பி-ஸ்ப்லைன் என்ற இன்னொரு கர்னல் கலப்பதோ 1/6, 4/6, 1/6. இந்தக் கலப்பை முன்கூட்டியே ஈடுகட்டும் முன்வடிகட்டி இல்லாமல் போட்டால் கண்ணிமையே காணாமல் போகும்.

சிறிதாக்குவது வேறு கதை. பழைய தமிழ் நேசன் நாளிதழ்ப் பக்கத்தை ஸ்கேன் செய்து நான்கில் ஒரு பங்காக்கும்போது கர்னலையும் நான்கு மடங்கு விரிக்க வேண்டும்: வரிசைக்கு 4 பிக்சல் அல்ல, 16. பில்லோ தானே விரித்துக்கொள்ளும். ஓபன்சிவியின் கியூபிக் விரிக்காது. அச்சுப் புள்ளிகள் அலையலையாகத் தெரியும். அங்கே, பரப்புக்குள் வரும் பிக்சல்களைச் சராசரியாக்கும் ஏரியா முறையைப் போடுங்கள்.