பதினாறா, இருபதா? மடக்கு சைக்கிளை ஓட்டிப் பார்க்கும் முன் தூக்கிப் பாருங்கள்

மடக்கு சைக்கிள் வாங்கப் போகிறவர்கள் கடை வாசலில் ஒரு வட்டம் ஓட்டிப் பார்த்துவிட்டுப் பணத்தைக் கட்டிவிடுவார்கள். நானும் அப்படித்தான் செய்தேன். 20 அங்குலச் சக்கரம், எட்டு கியர், நடுவில் ஒரே ஒரு கீல். வழுக்கிக்கொண்டு ஓடியது. அது செய்த முதல் தப்பு தெரிய எனக்கு இரண்டு வருடம் ஆனது, அதுவும் ஜப்பானில், லிஃப்ட் இல்லாத ஒரு சின்ன ரயில் நிலையத்தின் படிக்கட்டில்.

ஜப்பானில் சைக்கிளை ரயிலில் ஏற்ற வேண்டுமென்றால் முழுவதையும் பைக்குள் போட்டு மூட வேண்டும். சீட்டின் நுனி வெளியே தெரிந்தாலும் நிலைய ஊழியர் பணிவாக வந்து நிற்பார். இதற்கென்றே 'ரிங்கோ' பை என்று விற்கிறார்கள். என் வண்டியை அதில் திணித்துத் தோளில் மாட்டினேன். பெடல் முழங்காலுக்குக் கீழே குத்தியது, பின்சக்கரம் ஒவ்வொரு படியிலும் இடித்தது, வார் தோளை அறுத்தது. முன்னால் போன மச்சான் தன் 16 அங்குல மூன்று மடிப்பு வண்டியைக் காய்கறிப் பை மாதிரி ஒரு கையில் பிடித்துக்கொண்டு ஏறி, மேலே நின்று திரும்பிப் பார்த்தான். “அத்தான், என்னோடத வச்சுட்டு வந்து உங்களதையும் எடுத்துக்கவா?”

ஊர் திரும்பியதும் முதல் வேலையாக இரண்டையும் எடை போட்டேன். என்னுடையது 12.5 கிலோ, அவனுடையது 11.3. ஒரு கிலோ சொச்சம்தான் வித்தியாசம். என்னைப் படுத்தியது எடை இல்லை, வடிவம். அவன் வண்டி மடிந்தால் ஒரு சின்ன சூட்கேஸ் மாதிரி உடம்போடு ஒட்டி நிற்கும். என்னுடையது மடிந்தால் இரண்டு சக்கரமும் ஹேண்டில்பாரும் கட்டிப்பிடித்துக்கொண்டு நிற்கிற ஒரு மூட்டை. கடைக்காரர்கள் எடையை எழுதி ஒட்டுகிறார்கள். மடித்த அளவைத்தான் முதலில் கேட்க வேண்டும்.

மூன்று மடிப்புக்கு மூல உரு லண்டனில் செய்யப்படும் பிராம்ப்டன். மடித்தால் 64.5 × 58.5 × 27 சென்டிமீட்டர், மூன்றையும் கூட்டினால் 150. சாதாரண 20 அங்குல வண்டி ஏறக்குறைய 80 × 65 × 35, கூட்டினால் 180. இந்த முப்பது சென்டிமீட்டர் ஆசியா முழுக்க உங்கள் பயணத்தைத் தீர்மானிக்கும்.

சிங்கப்பூரில் இருக்கிற வரைக்கும் வித்தியாசம் தெரியாது. எம்ஆர்டி மெட்ரோ ரயிலிலும் பேருந்திலும் 120 × 70 × 40 வரை அனுமதி, இரண்டுமே தாராளமாக உள்ளே வந்துவிடும். முன்பெல்லாம் அலுவலக நெரிசல் நேரத்தில் ஏற்ற முடியாது. 2016 டிசம்பரில் சோதனையாக நாள் முழுக்க அனுமதித்தார்கள், பிறகு அதுவே நிலைத்துவிட்டது. மடித்தபடியே இருக்க வேண்டும், நீட்டிக்கொண்டிருக்கும் பெடலை உள்ளே மடக்க வேண்டும், சக்கரம் ஈரமாகவோ அழுக்காகவோ இருந்தால் சுற்றிக் கட்ட வேண்டும். அவ்வளவுதான்.

விமானத்துக்கு வாருங்கள். பல விமான நிறுவனங்கள் சாதாரணப் பெட்டிக்கு வைத்திருக்கும் எல்லை, மூன்று பக்கமும் கூட்டி 158 சென்டிமீட்டர். மெத்தென்ற பையில் போட்ட பிராம்ப்டன் அதற்குள் அடங்கிவிடும். என் வண்டி அடங்காது. விளையாட்டுச் சாமான் என்று தனியாகப் பணம் கட்ட வேண்டும், அல்லது கவுன்டரில் இருப்பவரின் அன்றைய மனநிலையை நம்ப வேண்டும். ஜப்பானின் அதிவேக ஷிங்கன்சென் ரயிலிலும் இதே கதைதான். டோக்கியோவிலிருந்து ஒசாகா, ஹிரோஷிமா வழியாகக் கியூஷு வரை போகிற தடங்களில் 160 சென்டிமீட்டரைத் தாண்டிய பெட்டிக்கு 2020 மே முதல் இருக்கையோடு முன்பதிவு கேட்கிறார்கள். பையில் போட்ட சைக்கிளுக்கு விலக்கு உண்டு, ஆனால் அதை வைக்க வசதியான கடைசி இருக்கையின் பின்பக்கம், முன்பதிவு செய்தவருக்குத்தான் உரிமை. மச்சான் தன் பையைக் காலடியில் வைத்துவிட்டுத் தூங்கினான். நான் பெட்டிக்குப் பெட்டி இடம் தேடினேன்.

பெங்களூரு மெட்ரோ மடக்கு சைக்கிளுக்கு 2021-இல் அனுமதி கொடுத்தது. கேட்டதும் சந்தோஷமாக இருந்தது, அளவைப் படிக்கும் வரை. 60 × 45 × 25. பிராம்ப்டனே அதில் அடங்காது. விதி எழுதியவர் சைக்கிளை அளந்தாரா, பெட்டி ஸ்கேனரை அளந்தாரா என்று இன்னும் சந்தேகமாகத்தான் இருக்கிறது.

மடிப்பில் இன்னொரு விஷயமும் உண்டு. பிராம்ப்டன் வகையில் பின்சக்கரம் அடியில் சுழன்று உட்கார்ந்துகொள்ளும், நடுக்கீலைத் தளர்த்தி முன்பக்கத்தைப் பக்கத்தில் கொண்டுவந்து, ஹேண்டில்பாரைச் சாய்த்து, சீட் தண்டை இறக்கினால் எல்லாம் பூட்டிக்கொள்ளும். தூக்கினாலும் பிரியாது, அடியில் உள்ள குட்டிச் சக்கரத்தில் தள்ளிக்கொண்டும் போகலாம். 20 அங்குல வண்டிகளில் பெரும்பாலும் காந்தம்தான் இரண்டு பாதியையும் பிடித்திருக்கும். ரயில் ஒரு குலுக்கு குலுக்கினால் அது வாய் பிளந்து பக்கத்தில் நிற்பவர் காலில் விழும். எனக்கு இது நடந்த பிறகு ஒரு வெல்க்ரோ பட்டையை நிரந்தரமாகச் சட்டத்தில் சுற்றிவிட்டேன்.

சரி, இவ்வளவு திட்டிய பிறகு ஓட்டத்துக்கு வருவோம். இங்கே 20 அங்குலம் பழி தீர்த்துக்கொள்கிறது.

நாங்கள் ஜப்பானில் போனது ஷிமானாமி கைடோ என்ற சைக்கிள் பாதை. ஒனோமிச்சியிலிருந்து இமாபாரி வரை ஆறு தீவுகளைப் பாலங்களால் கோத்துக்கொண்டு போகும், சுமார் 70 கிலோமீட்டர். சாலையோரத்தில் நீலக்கோடு போட்டிருக்கிறார்கள், அதைப் பிடித்துக்கொண்டு போனால் வழியே தவறாது. ஒவ்வொரு பாலத்துக்கும் ஏற்றம் சுற்றிச் சுற்றி மெதுவாக ஏறும், செங்குத்து கிடையாது. ஆனால் மேலே போனதும் கடல் காற்று பக்கவாட்டில் அடிக்கும். மூன்றே கியர் உள்ள மச்சானின் வண்டிக்கு முதல் இரண்டு பாலம் வரை பேச்சு இருந்தது, மூன்றாவதில் நின்றது. 16 அங்குலச் சக்கரம் ஒவ்வொரு விரிசலையும் மணிக்கட்டுக்குச் சொல்லிவிடும். நான்கு கிலோமீட்டர் நீளும் குருஷிமா பாலத்தை முடிக்கும்போது அவன் விரல்களை உதறிக்கொண்டே வந்தான். எனக்கு எதுவும் தெரியவில்லை.

இதில் பலர் ஒரு தவறான காரணம் சொல்வார்கள், சின்னச் சக்கரம் என்றால் அதிகம் மிதிக்க வேண்டும் என்று. கிடையாது. முன்னால் பல்சக்கரத்தைப் பெரிதாக வைத்து அதைச் சரிக்கட்டிவிடுகிறார்கள். பிராம்ப்டனில் 44 முதல் 54 பல் வரை இருக்கும். ஒரு மிதிக்கு ஓடும் தூரம் பெரிய சைக்கிளுக்குக் கிட்டத்தட்ட வந்துவிடும். சின்னச் சக்கரத்தின் உண்மையான குறை, குழிக்குள் இறங்கிவிடும் என்பதும் ஹேண்டில் படபடக்கும் என்பதும்தான். மூன்று மடிப்பு வாங்குகிறவர்கள் மலையும் பாலமும் மனதில் இருந்தால் ஆறு கியராவது கேட்டு வாங்குங்கள்.

பஞ்சரானால்? வழியிலுள்ள இகுச்சிஜிமா தீவில், எலுமிச்சைத் தோட்டத்துக்குப் பக்கத்தில், மச்சானின் பின்சக்கரம் காற்றை விட்டது. அவனுடையது சக்கர அச்சுக்குள்ளேயே கியர் அடங்கிய வகை. கழற்ற 15 மில்லிமீட்டர் ஸ்பானர் வேண்டும், கியர் கம்பியை எடுக்க வேண்டும், செயின் இழுப்பானை எடுக்க வேண்டும். ஸ்பானர் வீட்டில். கடைசியில் சக்கரத்தைக் கழற்றாமலே வண்டியைப் படுக்கப் போட்டு, டயரின் ஒரு பக்கத்தை மட்டும் நெம்பி, ட்யூபை வெளியே இழுத்து, காதோரம் வைத்து ‘ஸ்ஸ்’ எங்கே என்று தேடி ஒட்டினோம். இதை வீட்டில் ஒரு முறை செய்து பழகிக்கொள்ளுங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை.

டயர் அளவும் முக்கியம். 20 அங்குலத்தில் பரவலான 406 அளவு (டயர் உட்காரும் விளிம்பின் விட்டம், மில்லிமீட்டரில்), சிறுவர் சைக்கிள்களிலும் இருப்பது. இந்தோனேசியாவின் பாத்தாமிலோ மதுரையிலோ ஏதாவது ஒரு சைக்கிள் கடையில் ட்யூப் கிடைத்துவிடும். பிராம்ப்டனின் 349 அப்படியில்லை. பிள்ளைகளின் 16 அங்குல சைக்கிளுக்கு உள்ள 305 அளவு வேறு, பெயர் ஒன்றுதான் என்று வாங்கிவிடாதீர்கள். இரண்டு ட்யூப் எப்போதும் பையில் இருக்கட்டும்.

இனி எந்த நிறுவனத்தின் வண்டி. 20 அங்குலத்தில் டஹோனும் டெர்னும்தான் எங்கும் கிடைப்பவை. டஹோன், டேவிட் ஹான் 1982-இல் அமெரிக்காவில் தொடங்கியது. டெர்ன் 2011-இல் அவர் மகன் ஜோஷுவா ஹான் தன் தாயோடு பிரிந்து போய்த் தைவானில் தொடங்கியது. அப்பா வண்டியா மகன் வண்டியா என்றால், ஹேண்டில் தண்டு ஆடாமல் இருப்பதில் டெர்ன் ஒரு படி மேல், விலையில் டஹோன் ஒரு படி கீழ். என் ஓட்டு டெர்னுக்கு.

பிராம்ப்டனைப் பற்றி ஒன்று மட்டும். இந்த வண்டி மேல் ஆசியாவுக்கு இருக்கிற மோகத்துக்குச் சாட்சி, 2019-இல் கருடா இந்தோனேசியா வாங்கிய புத்தம் புது ஏர்பஸ் விமானத்தில் அறிவிக்காமல் வந்திறங்கிய சாமான்கள். ஒரு ஹார்லி டேவிட்சனின் பாகங்கள், கூடவே இரண்டு பிராம்ப்டன். நிறுவனத் தலைவரின் பதவியே போனது. விலையில் பாதியை அந்த மோகத்துக்குத்தான் கொடுக்கிறீர்கள் என்று நான் சொன்னால் மச்சான் ஒத்துக்கொள்வான், அவன் ஓட்டுவது நகல். மூல வடிவின் காப்புரிமை எப்போதோ காலாவதியாகிவிட்டதால் அதே மடிப்பைப் பல ஆசிய நிறுவனங்கள் செய்கின்றன. ஆயிரம் சிங்கப்பூர் வெள்ளிக்கு முன்னே பின்னே. அசல் அதைப்போல இரண்டு மூன்று மடங்கு. நகலில் எடை சற்றுக் கூடும், கீலின் நயம் குறையும், விற்கும்போது கைக்கு வருவது கொஞ்சம்தான். ஆனால் படிக்கட்டில் இரண்டும் ஒன்றுதான். நானாக இருந்தால் நகலில் கியர் கூடுதலாக உள்ளதை எடுப்பேன்.

நடுவில் ஒரு மூன்றாவது உண்டு: பர்டி. ஜெர்மானியர் வடிவமைத்து, தைவானின் பசிபிக் சைக்கிள்ஸ் செய்வது. 18 அங்குலம், முன்னும் பின்னும் அதிர்வு தாங்கி. நண்பருடையதை ஒரு மாலை ஓட்டினேன், பெரிய சைக்கிள்போலவே இருந்தது. மடிப்பு பிராம்ப்டனளவு கச்சிதமில்லை, விலையோ அசல் பிராம்ப்டனைத் தாண்டும். காசிருந்து, உண்மையிலேயே தூரம் ஓட்டுகிறவருக்கு மட்டும்.

மின்சார மடக்கு சைக்கிள் ஆசையிருந்தால் விமானத்தை மறந்துவிடுங்கள். 160 வாட்-அவருக்கு மேற்பட்ட லித்தியம் பேட்டரியைப் பயணி விமானத்தில் ஏற்ற மாட்டார்கள், இந்த வண்டிகளின் பேட்டரி பெரும்பாலும் அதைத் தாண்டியே இருக்கும்.

சிங்கப்பூரிலிருந்து எல்லை தாண்டி, மலேசியாவின் ஜோகூர் பாருவில் மலிவு என்று போகிறவர்களுக்கு: 48 மணி நேரத்துக்குள் திரும்பினால் நூறு வெள்ளிப் பொருளுக்குத்தான் வரிவிலக்கு. மீதிக்கு 9 சதவிகிதம் ஜிஎஸ்டியைச் சோதனைச் சாவடியில் அறிவித்துக் கட்ட வேண்டும். அதையும் சேர்த்து, கீல் தளர்ந்தால் யார் இறுக்குவார் என்பதையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

பழையது வாங்குவதுதான் எனக்குப் பிடித்த வழி. அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்தில் விற்பவரைச் சந்தித்ததும் முன் பிரேக்கை அழுத்திப் பிடித்து வண்டியை முன்னும் பின்னும் ஆட்டுங்கள். ஹேண்டில் தண்டின் அடியிலோ நடுக்கீலிலோ ‘டக்’ என்று கேட்டால் விரலை அங்கே வைத்துப் பாருங்கள், ஆட்டம் விரலுக்குத் தெரியும். கீலைச் சுற்றிப் பெயின்டில் மயிர் போன்ற கோடு இருந்தால் பேரமே வேண்டாம், நன்றி சொல்லிவிட்டுக் கிளம்புங்கள். அப்புறம் மூன்று மாடி தூக்கிக்கொண்டு ஏறிப் பாருங்கள், விற்பவர் சிரித்தாலும் பரவாயில்லை.

வருடத்துக்கு ஒரு முறைதான் ஜப்பான் என்றால் எதையும் தூக்கவே வேண்டாம். ஷிமானாமியில் ஒரு முனையில் வாடகைக்கு எடுத்து மறுமுனையில் விட்டுவிடலாம். மாதம் ஒரு முறையாவது ரயிலோ விமானமோ ஏறுகிறவருக்கு மூன்று மடிப்பு. காரின் பின்னால் போட்டோ, சாங்கியிலிருந்து படகில் புலாவ் உபின் தீவுக்கோ போய் நாள் முழுக்க ஓட்டுகிறவருக்கு 20 அங்குலம்.

நான் இப்போது ஒரு நகல் மூன்று மடிப்பு வைத்திருக்கிறேன், ஆறு கியர். பழைய 20 அங்குலத்தை விற்க விளம்பரமும் எழுதி வைத்தேன். அதற்குள் மனைவி அதன் பின் தட்டில் ஒரு பிளாஸ்டிக் கூடையைக் கட்டித் தேக்கா சந்தைக்கு எடுத்துப் போக ஆரம்பித்துவிட்டார். ஒரு நாள்கூட அதை மடித்ததில்லை.